பாதிப் பட்டறை வெளியே இருக்கட்டும்

வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு பட்டறை ஷெட் போடப் போகிறோம், எத்தனைக்கு எத்தனை போடலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் ஒரு கேள்வி கேட்பேன். நீங்கள் அங்கே கையாளப் போகிற பொருள்களில் நீளமானது எது? பெரும்பாலானவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள். மெஷின் பட்டியல்தான் கையில் இருக்கும். ஒரு டேபிள் சா, ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட், ஒரு பைக், முடிந்தால் கார். ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் அடைக்கும் என்று கூட்டி, நடக்கக் கொஞ்சம் இடம் சேர்த்து, 10க்கு 12 என்று கொத்தனாரிடம் சொல்லிவிடுவார்கள். மெஷின்கள் எல்லாம் அந்த அறைக்குள் அழகாக உட்கார்ந்துவிடும். வேலை மட்டும் நடக்காது.

ஒரு பிளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி. அதை நீளவாக்கில் அறுக்க வேண்டுமென்றால் ரம்பத்துக்கு முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி, நடுவில் மெஷினுக்கு ஒரு இரண்டரை அடி. ஆக, 18 அடிக்கு மேல் நேர்க்கோட்டில் தடையில்லாத இடம் தேவை. மெஷின் அடைக்கும் இடமோ வெறும் மூன்றடிக்கு மூன்றடி. எந்தக் கருவியை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 கிட்டத்தட்ட 7 அடி நீளம், கைப்பிடியோடு இரண்டரை அடி அகலம். ஆனால் அதன் கிளட்ச் கவரைக் கழற்ற நீங்கள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும், கழற்றியதை வரிசையாகப் பரப்ப வேண்டும், பின்சக்கரத்தை எடுத்தால் அதைத் தரையில் உருட்டிக்கொண்டு போக வேண்டும். சுற்றிலும் மூன்றடி விட்டால் அந்த ஒரு வண்டியே 13 அடிக்கு எட்டரை அடி கேட்கும்.

இதை இப்போது எழுதக் காரணம் என் தங்கை வீடு. கிணத்துக்கடவு பக்கம் அவர்களுக்கு 12 சென்ட் இடம், 50 அடி அகலம், நூறடிக்குக் கொஞ்சம் மேல் ஆழம். வடக்குப் பார்த்த வீடு. பின்னால், அதாவது தெற்கே, நல்ல விசாலமான வெற்றிடம். மாப்பிள்ளைக்கு இரண்டு பைத்தியங்கள்: பழைய பைக்குகளைப் பிரித்துச் சேர்ப்பது ஒன்று, மரவேலை இன்னொன்று. இத்தனை நாள் போர்டிகோவில் நடந்த வேலையைப் பின்னால் கொண்டுபோகத் தீர்மானித்துவிட்டார்கள். படம்கூட போட்டு வைத்திருந்தார். 20க்கு 30, நாலு பக்கமும் சுவர், முன்னால் பெரிய ரோலிங் ஷட்டர், உள்ளே காரும் நிற்கும்.

"கார் உள்ளயே நிக்கோணுமுங்க மச்சான். வெளிநாட்டுல எல்லாம் அப்படித்தான கட்டறாங்க?"

அவர் சொன்னது சரிதான், அங்கே அப்படித்தான் கட்டுகிறார்கள். அமெரிக்காவில் வீட்டை ஒட்டாமல் தனியாக நிற்கும் இரண்டு கார் கராஜ் என்றால் 24க்கு 24 அடி வழக்கமான அளவு. அங்கே பாதி நாட்டில் வருடத்தில் பல மாதம் பனி. கதவைச் சாத்திக்கொண்டு, சூடேற்றிக்கொண்டு, உள்ளேயே எல்லாவற்றையும் செய்தாக வேண்டும். அதனால் பெரிய மூடிய பெட்டி அங்கே நியாயம். நமக்குப் பிரச்சினை குளிர் கிடையாது. வெயில், புழுக்கம், ஆடிக்காற்று, ஐப்பசி மழை. இவற்றுக்கு மூடிய பெட்டி விடையாகாது. நமக்கு வேண்டியது பெரிய கூரை, அதற்கடியில் சின்னதாகப் பூட்டக்கூடிய ஓர் அறை, மீதி திறந்த தாழ்வாரம்.

கோவைக்காரர்களுக்கு இது புதிதில்லை. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் வீட்டுப் பக்கவாட்டிலேயே லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்கிற தெருக்களில் நடந்து பாருங்கள். ஆள் உள்ளே மூலையில் நின்று வேலை செய்வதில்லை. ஷட்டரை ஏற்றிவிட்டு, வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில், ஷீட் நிழலில், வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில்தான் நிற்பார். கிரைண்டிங், வெல்டிங், பெயின்ட் எல்லாம் அங்கேதான். உள்ளே இருப்பது மெஷினும் சாமானும். ஆசாரிகள் வீட்டு வேலைக்கு வந்தால் எங்கே உட்காருவார்கள்? திண்ணையிலோ மரத்தடியிலோதான். தரையில் உட்கார்ந்து, மரத்தைக் கால் விரல்களால் அழுத்திப் பிடித்து, இழைப்புளியைத் தள்ளி வேலை செய்கிறவருக்கு மேசை தேவையில்லை, நல்ல தரையும் நிழலும் தேவை. நம் ஊர்த் தொழிலாளிகள் தங்களுக்கென்று தேர்ந்தெடுத்த இடத்தை நாம் வரைபடத்தில் அழித்துவிட்டு நாலு சுவரை எழுப்புவதுதான் எனக்கு வருத்தம்.

ஆகவே நான் சொன்ன கணக்கு இது: 12க்கு 18 அறை, அதை ஒட்டி அதே 12க்கு 18 தாழ்வாரம். மொத்தம் 24க்கு 18, ஒரே கூரை.

"12க்கு 18ங்கறது ரொம்பச் சின்னதுங்களே மச்சான்" என்றார் மாப்பிள்ளை. அமெரிக்காவையே உதாரணம் காட்டியவருக்கு நானும் அமெரிக்காவையே காட்டினேன். கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் அடிசன் அவென்யூவில் ஒரு வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் கராஜ் ஒன்று உண்டு. பில் ஹியூலெட்டும் டேவிட் பேக்கார்டும் 1938இல் அங்கேதான் வேலையைத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் கம்பெனியானது. அவர்களுடைய ஆடியோ ஆசிலேட்டர் அங்கே உருவானது. அந்தக் கராஜின் அளவு 12க்கு 18 அடி. எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்கும் மரவேலைக்கும் இடத்தேவை வேறு என்பது உண்மை. அந்த வேறுபாட்டைத்தான் தாழ்வாரம் ஈடுகட்டுகிறது.

18 அடி என்று நான் நிறுத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது இரும்புக் கடையில் இருக்கிறது. ஜிஐ பைப்பும் சதுரக் குழாயும் 6 மீட்டர் நீளத்தில் வரும், 20 அடிக்குச் சற்றே குறைவு. தூணுக்குத் தூண் வெளிவெளியாக 18 அடி வைத்தால், கூரையைத் தாங்கும் குறுக்குக் குழாய் இரண்டு பக்கமும் முக்கால் அடிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு வெட்டாமல் ஒட்டாமல் ஒரே துண்டாக உட்காரும். 22 அடி என்று போனால் ஒவ்வொரு குழாயிலும் ஒரு ஜாயின்ட், ஒரு வெல்டிங், ஒரு துண்டு மிச்சம். பொருள் விற்கிற நீளத்தை ஒட்டிக் கட்டிடத்தின் நீளத்தை வைப்பது செலவைக் குறைக்கும், பலத்தையும் கூட்டும்.

உயரத்தில் பலரும் கோட்டை விடுகிறார்கள். 8க்கு 4 ஷீட்டை நிறுத்திவைத்துத் திருப்பும்போது அதன் மூலைவிட்டம் கிட்டத்தட்ட 9 அடி வரும். 8 அடிக் கூரையின் கீழ் அந்த ஷீட்டைப் படுக்கையிலிருந்து நிமிர்த்தவே முடியாது. ஓரத்திலேயே ஒன்பதரை அடி, நடு முகட்டில் 12 அடி என்று வைக்கச் சொன்னேன். முகடு எங்கே வருகிறது என்றால், அறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவிலுள்ள சுவருக்கு நேர்மேலே. மேற்கே ஒரு சரிவு, கிழக்கே ஒரு சரிவு. ஒரே சரிவாக மேற்கிலிருந்து கிழக்கே ஏற்றினால் தாழ்வாரத்தின் திறந்த ஓரம் மிக உயரமாகி ஐப்பசி மழை நேராக உள்ளே அடிக்கும். முகட்டில் காற்றுப் போக்கு விட்டால் சூடான காற்று தானாக மேலேறி வெளியே போகும்.

இனி திசை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டுகிறேன்.

கிணத்துக்கடவு, பொள்ளாச்சிப் பக்கத்துக் காற்றைப் பற்றி அங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் புகுந்து ஆனி, ஆடியில் நம் பக்கம் அடித்துத் தள்ளும். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வட்டாரம் முழுக்கக் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். இப்படிப்பட்ட ஊரில் ஷட்டரை மேற்கே வைத்தால் இரண்டு மாதம் அதைத் திறக்கவே முடியாது; திறந்தால் அறுத்த தூள் முழுக்க முகத்தில்தான். எனவே அறை மேற்கே, தாழ்வாரம் கிழக்கே. அறையின் முழுச் சுவர் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும். அதன் மறைவில் தாழ்வாரம் அமைதியாக இருக்கும். தூளும் புகையும் கிழக்கே, தென்னை மரங்களின் பக்கம் போய்விடும்; வீடு வடக்கே இருப்பதால் அடுப்படிக்குள் வராது. மதியத்துக்கு மேல் தாழ்வாரத்தில் வெயிலே இல்லை. மாலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய வரம்.

இடத்தின் தென்மேற்கு மூலையில் இப்படி வைத்ததில் மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் திருப்தி. கன்னி மூலையில் பாரம் இருந்தால் நல்லது என்றார்கள். காற்றுக் கணக்கும் வாஸ்துவும் ஒரே மூலையைக் காட்டியதால் அந்தப் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்தது.

காற்று எதிர்த்திசையில் வரும்போது மட்டும் கவனம் தேவை. வடகிழக்குப் பருவத்தில், புயல் சின்னம் உருவாகும் நாட்களில் காற்று கிழக்கிலிருந்து திறந்த தாழ்வாரத்துக்குள் புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்கப் பார்க்கும். மேலேயும் உறிஞ்சல், கீழேயும் தள்ளல். ஷீட் ஷெட்டுகள் பறப்பது இப்படித்தான். தூணைக் குழியில் நட்டு ஜல்லி கொட்டினால் போதாது. கான்கிரீட் அடித்தளத்தில் நங்கூர போல்ட் பதித்து, தூணின் அடித்தகடு அதில் இறுக வேண்டும். அறைச் சுவரை 7 அடியோடு நிறுத்தி, அதற்கு மேல் கூரை வரை வலையும் லூவரும் வைத்தால், உள்ளே புகுந்த காற்று வெளியே போக வழியும் கிடைக்கும்.

வெளிச்சத்துக்கு வடக்கு ஜன்னல். பழைய பஞ்சாலைகளின் கூரை ரம்பப் பல் மாதிரி வரிசையாக எழும்பி, கண்ணாடி எல்லாம் வடக்குப் பார்த்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நேர் வெயில் விழாத, நிழல் கூர்மையாக விழாத வெளிச்சம் அது. ஆனால் நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 11 டிகிரிக்குக் கீழேயே வடக்கில். சித்திரையில் ஒருநாள் சூரியன் நம் உச்சிக்கு வரும். அதற்குப் பிறகு ஆவணி வரை நடுப்பகலில் நமக்கு வடக்கேதான் நிற்கும். அந்த நாலு மாதமும் வடக்கு ஜன்னலிலும் வெயில் இறங்கும். ஒன்றரை அடி சன்ஷேட் போட்டால் தீர்ந்தது. வெளிநாட்டுப் புத்தகங்களில் இந்தச் சன்ஷேட் இருக்காது, அவர்கள் ஊரில் நடுப்பகல் சூரியன் வடக்கே வருவதேயில்லை.

மேற்குச் சுவரில் வேலை மேசை வேண்டாம். பிற்பகல் முழுக்கச் சூடு வாங்குகிற சுவர் அது. அங்கே மரம் அடுக்கும் ரேக். படுக்கை வாக்கில், தரையிலிருந்து ஒரு அடிக்குமேல், சுவரைத் தொடாமல். கரையான் ஏறினால் மண் கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் அந்த இடைவெளி. மர மேசை அறையின் கிழக்குச் சுவரில். அதே சுவரின் மறுபக்கம், தாழ்வாரத்தில், இரும்பு வேலை மேசையும் வைஸும். இரண்டு மேசைகளும் முதுகோடு முதுகு, நடுவில் ஒரு ஜன்னல்.

மரத்தையும் இரும்பையும் சுவர் வைத்துப் பிரிக்கச் சொன்னதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கிரைண்டர் பொறி மரத்தூளுக்குள் விழுந்தால் உடனே பற்றாது. உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். நீங்கள் பூட்டிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்த பிறகு புகையும். வெல்டிங், கிரைண்டிங், கட்டிங் வீல் எல்லாம் தாழ்வாரத்தின் தெற்கு முனையில். ஜிஐ பைப்பை வெல்டிங் வைத்தால் அதன் துத்தநாகப் பூச்சு வெண்புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் போல உடம்பை முறுக்கும். அந்தப் புகைக்கும் திறந்த இடமே சரி. மரத்தூளும் சாதாரணமில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995லேயே அதை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதனால் டேபிள் சாவுக்குப் பூட்டும் சக்கரம் பொருத்தி, காற்றும் மழையும் இல்லாத நாளில் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து அறுக்கட்டும். மழை நாளில் உள்ளேயே அறுத்தாக வேண்டும் என்றால் அதற்கும் ஒரு வழி வைத்தோம். அறையின் வடக்குச் சுவரில், ரம்பத்தின் நேர்க்கோட்டில், நாலடி இரட்டைக் கதவு. நீளமான சட்டம் என்றால் கதவைத் திறந்துவிட்டால் போதும், அறையின் நீளம் ஒரு தடையே இல்லை. இந்த ஒரு கதவுக்காக நான் வேறு எதை வேண்டுமானாலும் விட்டுத்தருவேன்.

இதையெல்லாம் தாளில் சொன்னபோது மாப்பிள்ளைக்கு முழுக்க நம்பிக்கை வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்னால் போய் சுண்ணாம்புப் பொடியால் தரையில் முழு அளவில் கோடு போட்டோம். சுவருக்குக் கோடு, கதவுக்கு இடைவெளி, மேசைக்குச் செவ்வகம், டேபிள் சா நிற்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். பிறகு நிஜ பிளைவுட் ஷீட் ஒன்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு, சுவர்க் கோட்டை மிதிக்காமல், தாழ்வாரத்திலிருந்து ஷட்டர் வழியாக உள்ளே போய், ரம்பத்துக்கு நேராகத் திருப்பினோம். முதலில் ஷட்டரை 6 அடி என்று வரைந்திருந்தார். ஷீட்டின் பின்முனை ஒவ்வொரு முறையும் கோட்டைத் தாண்டிச் சென்றது. 8 அடியாக அழித்து வரைந்ததும் ஒரே வீச்சில் திரும்பிவிட்டது. புல்லட்டையும் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். அதன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். கையை நீட்டினால் இரும்பு மேசை எட்டியது. அங்கேதான் அவர் முகம் மலர்ந்தது.

யார் ஷெட் போட்டாலும் செங்கல் ஆர்டர் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். கோலமாவு போதும். கம்ப்யூட்டர் படத்தில் எல்லா ஷீட்டும் சுலபமாகத் திரும்பிவிடும்.

என் தங்கை பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்கண்ணா, எல்லாம் சரிதான். துணி எங்கீங்க காயப்போடறது?" கொடி கட்டியிருந்தது சரியாகத் தாழ்வாரத்தின் கிழக்கே, தூள் போகிற வழியில். வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் 20 அடி விட்டிருந்தோம்; அதில் மேற்கு ஓரமாகக் கொடியை மாற்றச் சொன்னோம். அங்கே ஆடிக்காற்றும் நன்றாகக் கிடைக்கும், தூளும் வராது. கம்ப்ரசரை வீட்டைப் பார்த்து வைக்கக்கூடாது, ஷெட்டுக்குத் தெற்கே வலைக்கூண்டுக்குள் வைக்கவேண்டும் என்பதும் அவள் போட்ட நிபந்தனைதான். நியாயமான நிபந்தனை. தெற்கே பக்கத்து வீடு இல்லை, காலி நிலம்தான்.

காருக்கு வருவோம். காரை தினமும் பட்டறைக்குள் நிறுத்துவது என்றால் அந்த அறை முழுக்கக் காருக்குச் சொந்தம். ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்த பிறகுதான் வேலை. கார் போர்டிகோவிலேயே இருக்கட்டும். பிரேக் பார்க்க, ஆயில் மாற்ற மட்டும் தாழ்வாரத்துக்கு வரட்டும். அவர்களுடைய கார் 4 மீட்டருக்குள்தான், அதாவது 13 அடி, அகலம் ஆறடிக்குள். இரண்டு பக்கமும் கதவைத் திறந்து ஆள் நிற்க இரண்டரை மூன்றடி என்றால் 12 அடித் தாழ்வாரத்தில் கச்சிதமாக அடங்கும். வீட்டின் கிழக்குப் பக்கச் சந்து 13 அடி இருப்பதால் கார் பின்னால் வந்துவிடும். ஒருமுறை முன்னும் பின்னும் எடுத்தால் வடக்கு முனை வழியாக உள்ளே நுழையும். அந்த முனையில் மட்டும் நடுத்தூண் கூடாது.

தரையில் டைல்ஸ் வேண்டவே வேண்டாம். ஆயில் பட்டால் வழுக்கும், சம்மட்டி விழுந்தால் உடையும். கான்கிரீட், வெளியில் உள்ள மண்மட்டத்துக்கு அரை அடி மேலே, அடியில் ஈரம் ஏறாமல் பாலிதீன் விரிப்பு. அறைத் தரை மட்டமாக, தாழ்வாரத் தரை கிழக்கே 8 அடிக்கு ஓர் அங்குலம் சரிவாக. இரண்டுக்கும் நடுவில் நிலைப்படி கிடையாது. சக்கரம் வைத்த எல்லாமே தடங்கலின்றி உருள வேண்டும். மாப்பிள்ளைக்கு ஒரு நாலரை அடி லேத் வாங்கும் ஆசை மனதில் ஓடுகிறது. அதற்கு அறையின் தெற்கு முனையில் இடம் குறித்து, அங்கே மட்டும் கான்கிரீட்டை 6 அங்குலமாக்கச் சொல்லியிருக்கிறேன். ஹெட்ஸ்டாக் பக்கம் சுவரை ஒட்டிவிடக்கூடாது, நீளக் கம்பியை ஸ்பிண்டிலுக்குள் விட வேண்டுமானால் அந்தப் பக்கம்தான் நீட்டும். இன்ஜின் தூக்க செயின் பிளாக் வேண்டுமென்றால் அதற்கென்று தனி உத்திரம். கூரைக் குழாயில் மாட்டி இன்ஜினைத் தொங்கவிடுவது உயிரோடு விளையாடுவது.

வைஸின் தாடை, நிமிர்ந்து நின்று கையை மடக்கினால் முழங்கை வரும் உயரத்துக்கு இருக்க வேண்டும். ஐடிஐயில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள். அரம் பிடிக்கிற தோள் அப்போதுதான் நோகாது. மர மேசை அதைவிடத் தாழ்வு. இழைப்புளியை அழுத்தித் தள்ள உடம்பின் எடை மேலிருந்து இறங்க வேண்டும். மாப்பிள்ளை நல்ல உயரம். கடையில் கிடைக்கும் ரெடிமேடு மேசை இரண்டுக்குமே அவருக்கு உதவாது.

மின்சாரத்தில்தான் ஆட்கள் சிக்கனம் பார்க்கிறார்கள். மீட்டர் வீட்டின் முன்பக்கம். அங்கிருந்து ஷெட்டுக்கு வயர் போகும் வழி 80 அடி. 2 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போல் ஐந்து ஆறு மடங்கு. ஒன்றரை ஸ்கொயர் எம்எம் காப்பர் வயரில் அந்த 50 ஆம்பியர் போய்த் திரும்பினால் வழியிலேயே கிட்டத்தட்ட 29 வோல்ட் போய்விடும். 230 என்பது 200 ஆகி, மோட்டார் முனகிக்கொண்டு சூடேறும். அதே இடத்தில் 6 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு சுமார் 8 வோல்ட்டோடு நிற்கும். கேபிள் ஆர்மர்டு ஆக இருந்து மண்ணுக்கடியில் போகட்டும். ஷெட்டுக்குத் தனி டிபி, தனி எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. சாக்கெட்டுகள் மேசை மட்டத்துக்கு மேலே.

விளக்குக்கும் மெஷினுக்கும் ஒரே எம்சிபி வேண்டாம். ரம்பம் மாட்டிக்கொண்டு எம்சிபி விழுந்தால் வெளிச்சமும் சேர்ந்து போகும். பிளேடு அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். இருட்டில் சுற்றுகிற பிளேடுக்கு முன்னால் யாரும் நிற்கக்கூடாது. அதேபோல் வெறும் சுவிட்ச் வைத்து மெஷினை ஓட்டாதீர்கள். கரண்ட் போகும், சுவிட்சை அணைக்க மறந்து தூள் தட்டக் கையை வைப்பீர்கள், கரண்ட் வரும். நோ வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர் என்றால் மின்சாரம் திரும்பினாலும் பச்சைப் பொத்தானை அழுத்தாமல் மெஷின் கிளம்பாது. பழைய சோக் டியூப் லைட் பட்டறையில் ஆகாது. நம் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை அணைந்து எரியும். 1500 ஆர்பிஎம்மில் சுற்றும் சக் நொடிக்கு 25 சுற்று. அந்த வெளிச்சத்தில் சுற்றுகிற சக் நிற்பது போலவே தெரியக்கூடும். நல்ல டிரைவர் உள்ள எல்இடி போட்டுவிடுங்கள்.

கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மலிவாகக் கிடைக்கும். துளையிட, வெட்டக் கிளம்பும் நார் நுரையீரலுக்கு நஞ்சு. வேண்டாம். வெள்ளை நிற ஸ்டீல் ஷீட், அடியில் வெப்பத்தடுப்பு விரிப்பு போதும்.

அனுமதி விஷயமும் உண்டு. ஷீட் ஷெட்தானே என்று மதில் சுவரை ஒட்டிப் போடுகிற பழக்கம் நம்மிடம் அதிகம். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் மனையைச் சுற்றிக் காலி இடம் விடச் சொல்கின்றன. எவ்வளவு என்பது உங்கள் மனைக்கும் சாலைக்கும் ஏற்ப மாறும். உள்ளாட்சி அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நாங்கள் மேற்கிலும் தெற்கிலும் 5 அடி விட்டே கோடு போட்டோம். அந்த 5 அடி இருந்தால்தான் சுவரின் பின்பக்கத்தைப் பூசவும், புதர் மண்டாமல் பாம்பு அடையாமல் சுத்தம் செய்யவும் முடியும். வீட்டு இணைப்பில் சொந்த வேலை மட்டும்; காசு வாங்கி வேலை செய்யத் தொடங்கினால் மின் இணைப்பின் வகையை மாற்றியாக வேண்டும். மாப்பிள்ளையின் நண்பர்கள் வட்டத்தைப் பார்த்தால் அந்த நாள் தூரத்தில் இல்லை என்று தோன்றுகிறது, அதனால் இதை அழுத்திச் சொல்லிவைத்தேன்.

அடித்தளக் குழி வெட்டும் முன் இன்னும் ஒன்று பாக்கி. லேத் இடத்துக்கும் டேபிள் சா இடத்துக்கும் தரைக்கடியில் வெற்று பிவிசி குழாய் பதித்துவிட வேண்டும், உள்ளே ஒரு நைலான் கயிற்றோடு. கான்கிரீட் போட்ட பிறகு அங்கே வயர் கொண்டுபோக வேறு வழி கிடையாது. தரைமேல் இழுத்த வயரில் சக்கரமும் காலும் ஏறும். எலெக்ட்ரீஷியனைக் கொத்தனாருக்கு முன்னாலேயே வரச் சொல்லியிருக்கிறோம்.